சம்பாதியின் குரல்

கல்லூரி வாட்ஸாப் குழுவில் அன்று காலை வந்த முதல் செய்தி, பூஜை விடுமுறை பற்றியது. இரண்டாவது, டாக்குரியா பாலத்தடியில் மழைத் தண்ணீர் நிற்கிறது, சுற்றிப் போங்கள் என்றது. மூன்றாவதாக யாரோ பெங்காலியில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள்: ‘சம்பாதி ஆர் நேய்.’ சம்பாதி இனி இல்லை. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் பழக்க தோஷத்தில் ஒரு ஜோடிக் கைகளைப் போட்டேன். போட்ட பிறகுதான் படித்தது மண்டையில் ஏறியது.

சம்பாதி என்றால் செண்பகவல்லி அக்கா. எங்கள் கல்லூரியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செண்பகப் பூ பெங்காலியில் சம்பா. அக்காவுக்கு அவர்கள் சொல்லும் ‘தி’ அதோடு ஒட்டிக்கொண்டு சம்பாதி ஆகிவிட்டார். “ஊர்ல எல்லாரும் சம்பாதி, சம்பாதின்னு சொல்லித்தான் ரயிலேத்திவிட்டாவ. இங்க வந்தா பேரே அதுவா ஆயிட்டு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தகனம் முடிந்த மறுநாள் அவருடைய கணவர் சண்முகம் அண்ணாச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். “தம்பி, அவ நடத்துன பாடமெல்லாம் ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லுவா. அதுல ஒண்ணு அனுப்புங்க. நெனைவுக் கூட்டத்துல போடணும். அவ பேச்ச ஒருக்க கேக்கணும் போல இருக்கு” என்றார்.

அனுப்புகிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பொய். எங்கள் இணையதளத்தில் அக்காவின் பெயரில் ஒரு முழுப் படிப்பே இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் அவர் படமும் இருக்கிறது. அவர் குரல் மட்டும் இல்லை. இல்லாமல் செய்தவன் நான்.

இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுத நான்தான் பொருத்தமானவன் என்று நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் சொன்னார்கள். ஒரே கல்லூரி, ஒரே மொழி, பக்கத்துப் பக்கத்து அறை. மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் கேட்பார்கள் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, காரணத்தைச் சொல்லாமல் எழுதவும் முடியாது என்று.

அக்கா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி, புள்ளியியலில் முதுகலைப் பட்டத்தோடு கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அவருக்கு பெங்காலியில் ஒரு சொல்கூடத் தெரியாதாம். கொஞ்ச நாளில் எங்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. முதல் வகுப்பின் கதையை அவர் வாயாலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கணக்கில் ஒரு படியை முடித்ததும் திரும்பிப் பார்த்து ‘சரியா?’ என்று கேட்பது அவர் வழக்கம். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் அந்த ஒரு சொல் மட்டும் தமிழிலேயே வரும். முன் பெஞ்சில் இருந்தவர்கள் காதில் அது ‘ஷொரே ஜா’ என்று விழுந்திருக்கிறது. பெங்காலியில் அதற்குத் ‘தள்ளிப் போடா’ என்று பொருள். பலகையை மறைக்கிறோம் போலிருக்கிறது என்று பயந்து ஒருவர் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த ‘சரியா?’வுக்கு இன்னொருவர். மணி அடிக்கும்போது பெஞ்சின் ஒரு கோடி காலி. மறுகோடியில் ஒரு மாணவர் இடமில்லாமல் சுவரோரம் நின்று எழுதிக்கொண்டிருக்கிறார். மரியாதைக்கு நிற்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாராம்.

மறுநாள் சக ஆசிரியை ஒருவர் விஷயத்தை விளக்கினார். வேறு யாராவது என்றால் அந்தச் சொல்லையே விட்டிருப்பார்கள். அக்கா வகுப்பில் போய் அதன் பொருளைச் சொன்னார். அன்றிலிருந்து அது அந்த வகுப்பின் விளையாட்டாகிவிட்டது. அவர் ‘சரியா?’ என்பார். புரிந்தவர்கள் ‘ஷொர்லாம்’ என்பார்கள், ‘நகர்ந்துவிட்டேன்’ என்று. புரியாதவர்கள் ‘ஷொரினி’, நான் நகரவில்லை. ஒரே ஒரு ‘ஷொரினி’ கேட்டாலும் அக்கா முந்தின படிக்குத் திரும்பிவிடுவார். மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் ஓய்வு பெறும்வரை அந்த வழக்கம் தொடர்ந்தது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட, நகரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

நான் அதே கல்லூரியில் இணையவழிக் கல்விக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். தாத்தா வங்கி வேலைக்காக வந்தார். நாங்கள் திரும்பிப் போகவில்லை. பள்ளியில் நான் ‘எம்’, ‘என்’ என்ற ஆங்கில எழுத்துகளை ‘யெம்’, ‘யென்’ என்பதை வைத்துப் பையன்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா அப்படித்தான் சொல்வார். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதைத் துடைத்தெடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கு டாக்ஸிக்காரர்கள் என் பெங்காலியைக் கேட்டு, என்னைப் பெங்காலி என்றே நினைத்து, எந்த ஜில்லா என்று விசாரிக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நோய்த்தொற்றுக் காலத்தில் கல்லூரியை மூடி, வகுப்புகளெல்லாம் திரைக்கு வந்தன. எங்கள் பேராசிரியர்கள் பலர் கேமராவைப் பார்த்து ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டுப் போனார்கள். மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தவர்கள் குறைவு. தொழில்நுட்ப உதவிக்காக நான் அக்காவின் வகுப்புகளில் ஓரமாக இருப்பேன். அவர் ஒரு படியை முடித்து ‘சரியா?’ என்பார். பிறகு பேசவே மாட்டார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று முதல் நாள் நான் பதறிப்போனேன். அதற்குள் உரையாடல் பெட்டியில் ‘ஷொர்லாம்’, ‘ஷொர்லாம்’ என்று வந்து குவிந்தது. கிடர்பூரில் சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படித்த தன்மய் என்ற மாணவரிடமிருந்து மட்டும் ‘ஷொரினி’. அவர் மைக்கைத் திறந்தால் லாரி ஹாரன்தான் முதலில் கேட்கும். அக்கா சிரிக்காமல், “லாரி போகட்டும் தன்மய், நான் இருக்கேன்” என்று பெங்காலியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

கல்லூரி திறந்ததும் அவர் ஒன்று செய்தார். எந்தெந்தப் படியில் யார் யார் நகரவில்லை என்பதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் அவற்றை மட்டும் எடுத்தார். மற்றதெல்லாம் திரையிலேயே. பிற்பாடு கருத்தரங்குகளில் கலப்புமுறைக் கற்றல் என்று பெரிய வார்த்தையில் பேசினார்களே, அதுதான் இது. அக்கா சொன்னது இவ்வளவுதான்: “வீட்ல புரியுதத வீட்ல படிக்கட்டும் தம்பி. புரியாததுக்குத்தான நாம இருக்கோம்.”

இவ்வளவும் கண்ணெதிரே பார்த்தவன் நான். பார்க்காதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம்.

அடுத்து, எல்லாப் பாடங்களையும் பதிவு செய்து இணையதளத்தில் நிரந்தரமாக வைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை ஒன்று தயாரானது. முதலில் அக்காவின் படிப்பு. எதிரே ஒருவரும் இல்லாத அந்த அறையிலும் அவர் ஒவ்வொரு படிக்கும் ‘சரியா?’ என்று கேட்டுவிட்டு, கேமராவைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒலி இல்லாத இடங்களை வெட்டுவது எடிட்டிங்கில் முதல் பாடம். நான் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“ஏந் தம்பி வெட்டுதீய? அந்த எடத்துலதான பிள்ளைய யோசிக்கும்.”

பார்க்கிறவர்கள் அலுத்துப்போய் மூடிவிடுவார்கள் அக்கா என்றேன். அவர் வாதாடவில்லை. என் வேலை எனக்குத் தெரியும் என்று நம்பினார்.

பதிவுகளைப் பரிசீலிக்க ஒரு கூட்டம் கூடியது. பேச்சைக் கேட்டுத் தானாகவே திரையில் வசனம் எழுதும் மென்பொருளை நாங்கள் புதிதாகப் போட்டிருந்தோம். அக்கா ‘யென் மைனஸ் ஒன்’ என்று சொன்ன இடத்திலெல்லாம் அது ஜப்பான் நாணயத்தின் பெயரை எழுதியிருந்தது. திரையில் அதைப் பார்த்ததும் அறையே சிரித்தது. அதில் விஷமம் இல்லை. அக்கா அந்த அறையில் இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். என் காதுமடல் மட்டும் சுட்டது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. பாடம் அருமை, வசனத்தைத் திருத்திவிட்டால் போதும் என்று எங்கள் பிரிவின் இயக்குநர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கிட்டேன். குரலையே மாற்றிவிடலாம், கணினிக் குரல்கள் இப்போது நன்றாக வந்துவிட்டன, உச்சரிப்பு தெளிவாக இருக்கும் என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த அறையில் அக்காவின் பேச்சைக் கேட்டுக் கூசியவன் நான் ஒருவன்தான்.

மாற்றினோம். எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு பெண் குரல் அக்காவின் பாடங்களை வாசித்தது. ‘சரியா?’ போயிற்று, காத்திருந்த இடங்கள் போயின. பாடங்கள் குட்டையாகின. மாணவர்கள் அவற்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு முடித்தார்கள். முடித்தவர்கள் எண்ணிக்கை ஏறியது என்று நிர்வாகம் மகிழ்ந்தது. ஒரு கருத்தரங்கில் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு அதைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். அக்காவின் பெயர் கடைசி ஸ்லைடில் சிறிய எழுத்தில் இருந்தது.

இத்தனையும் நடந்தது அக்காவுக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். தன்மய்தான் போன் செய்து, மேம், நீங்கள் ஏன் இப்படி மாறிவிட்டீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறார்.

ஒரு மத்தியானம் அக்கா என் அறைக்கு வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கணினியில் ஒரு பாடத்தை முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் வாசிக்கி இந்தப் பொண்ணு. ஆனா எங்கயும் நிக்க மாட்டேங்காளே. பிள்ளைய நகரலன்னா அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

நான் ஏதோ தரக் கட்டுப்பாடு என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“அது கெடக்கட்டும். எம் பேச்சு ஒங்களுக்கு வெக்கமா இருந்துதா தம்பி?”

தமிழில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ‘இட்ஸ் ஒன்லி எ டெக்னிகல் ரிக்வயர்மென்ட், மேடம்.’ அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், மேடம் என்றது. அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, வகுப்புக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

என்னிடம் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இணையதளத்தின் கேள்விப் பகுதியில் மாணவர்களுக்குப் பொறுமையாகத் தட்டச்சு செய்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். பதிவுகளே போதும் என்று நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைக் குறைத்தது. ‘ஷொரினி’ என்று எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எல்லாருக்கும் புரிகிறது என்று நாங்கள் கணக்கெடுத்துக்கொண்டோம். உண்மையில், கேட்பார் இல்லாததால் அவர்கள் சொல்லவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றினோம். இடம் போதவில்லை. பயன்பாட்டில் இல்லாத பழைய கோப்புகளை அழிக்கலாமா என்று கணினி கேட்டது. அக்காவின் மூலப் பதிவுகளும் நேரலை வகுப்புகளும் அதில் இருந்தன. வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பேச்சு மறுபடி வருமே என்று பயந்து ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

அதன் பிறகு டாக்குரியா ஏரிக்கரையில் காலை நடையின்போது அவரை அவ்வப்போது பார்ப்பேன். மாணவர்களைப் பேர் சொல்லி விசாரிப்பார். தன்மய் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதை எனக்குச் சொன்னதே அவர்தான். கடைசியாகப் பார்த்தபோது இரண்டு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, குறும்பாக, “அந்தப் பொண்ணு நல்லாருக்காளா?” என்றார். எந்தப் பெண் என்று விழித்தேன். “எம் பாடத்த வாசிக்காளே, அவதான். பாவம், மூச்சே விடாமப் பேசுதா.” அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது என்ற நினைப்பு.

அண்ணாச்சியின் அழைப்புக்குப் பிறகு நான் தேடாத இடமில்லை. சர்வர்காரர்களிடம் கெஞ்சினேன். பழைய மாணவர்களைக் கேட்டேன். டேட்டா தீர்ந்துவிடும் என்று அவர்கள் ஒருவரும் வகுப்பைப் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமும் கிடையாது. எழுதினால்தான் திரும்பப் படிக்கலாம் என்பார். கடைசியில் நேரிலேயே சொல்லிவிடுவது என்று டாக்குரியாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி கதவைத் திறந்து, வாங்க தம்பி, கொண்டாந்தீயளா என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சொன்னதை, குரலை மாற்றியதை, அழித்ததை. ஒன்றையும் தொழில்நுட்பத்தின் மேல் போடவில்லை. அவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, உள்ளே போய் அவரே காபி கலந்துகொண்டு வந்தார்.

“கல்யாண வீடியோ, கிருகப்பிரவேச வீடியோ எல்லாம் போட்டுப் பாத்தேன் தம்பி. எல்லாத்துலயும் அவ வாயசைக்கா, மேல பாட்டு ஓடுது. வீட்ல அவ அதிகம் பேச மாட்டா. காலேஜ்ல கத்திட்டு வந்து தொண்ட கட்டிருக்கும். பாதி நாள் சைகதான். பேசுனதெல்லாம் அங்கதான. அதான் ஒங்களக் கேட்டேன்.”

எனக்கு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “அவ பாடம் நடத்தி நா கேட்டதே இல்ல. எப்பிடிப் பேசுவா? நீங்க கேட்டிருப்பியள்லா. தெரிஞ்ச மட்டும் ஒருக்க பேசிக் காட்டுங்களேன்.”

செய்தேன். அக்கா வகுப்புக்குள் நுழைந்து, கைப்பையை மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாணவர்களை விசாரிக்கும் அந்தத் தொடக்கத்தைச் செய்தேன். குரல் அப்படியே வந்தது. அந்த ஏற்ற இறக்கம், ஆங்கில வாக்கியத்தின் முடிவில் வரும் அந்த இழுப்பு, தேபஜோதி என்ற மாணவரைத் தேவஜோதி என்று கூப்பிடுவது, எதுவும் பிசகவில்லை. அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது.

“அவளேதான்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு கவனிச்சுக் கேட்டிருக்கிய தம்பி.”

நான் எங்கே பழகினேன் என்று அவருக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில், தேநீர் நேரத்தில், அக்கா வகுப்பில் இருக்கும்போது, பெங்காலி நண்பர்கள் சிரிப்பதற்காக, பல வருஷம் அவரைப் போல் பேசிக் காட்டிப் பழகியது அது. நான் அவர்களில் ஒருவன், அவரைப் போன்றவன் அல்ல என்று காட்டிக்கொள்ளப் பழகியது. எல்லாவற்றையும் சொல்லத்தான் அன்று அவர் வீட்டுக்குப் போனேன். இதை மட்டும் சொல்லாமல், காபியைக் குடித்துவிட்டு, அவருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நினைவுக் கூட்டத்திலும் அப்படிப் பேசிக் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கு அதற்கு முன்பே போய்விடும். படித்த பிறகும் அவர் என்னை அழைத்தால் வருவேன். அழைக்காவிட்டால் வாசலில் செருப்பு கிடக்கும் இடத்தருகே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறேன் அக்கா. எனக்கு அது போதும்.